உப்புக் கிடங்கில் கிடந்த டாட்சன்

என் அக்கா பெர்சிஸின் கணவர் ஜெஸ்டன் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான முதல் வருஷமே, அப்பா வாங்கிக் கொடுத்த மிக்ஸியைப் பிரித்து, சத்தம் ஜாஸ்தி என்று உள்ளே ரப்பர் வைத்து மாட்டினார். சத்தம் குறைந்தது, சட்னி அரைபடவில்லை. சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் அவருடைய வலது கால் ஆட ஆரம்பிக்கும். அந்த பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரும் சேர்ந்து ஆடுவோம். வீட்டு மாடிப்படியை இரண்டு முறை இடித்துக் கட்டியவர். ஏன் என்று கேட்டால், "ஏறும்போது ஒரு மாதிரி இருந்திச்சு" என்பார். அதற்கு மேல் விளக்கம் வராது.

ஆம்பூரில் அமீர் பாஷா என்பவருடைய தோல் பதனிடும் டேனரியில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்களின் பேரிங், பெல்ட், மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. தினமும் ஏதாவது ஒன்று உடையும் என்பதால் அந்த வேலை அவருக்குச் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். அக்கா வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் பாதி நாள் நைட் டியூட்டி முடித்து, காலை பஸ்ஸில் ஆம்பூருக்கு வந்து, பகலில் தூங்க வேண்டியவள். ரெட்டித்தோப்பு வீட்டில் அவள் தூங்க, இவர் தட்ட, குழந்தை ஜெனிஃபா அழ, அந்த ஞாயிறுகளை நான் தூரத்தில் இருந்தே பார்த்துக்கொள்வேன்.

1993 ஆகஸ்டில் அமீர் பாஷா தன் பழைய கிடங்கை இடிக்க முடிவு செய்தார். ஊரெங்கிலும் இருந்து வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவித்தான் வரும். அந்த உப்புத் தோலை அடுக்கி வைத்த கிடங்கு அது. இடிப்பதற்கு முன் கரண்ட் லைனைக் கழற்ற ஜெஸ்டன் மாமா உள்ளே போனார். கடைசி மூலையில் கிழிந்த சாக்குகளுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய் மூடிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தார். நீளமான முன்பக்கமும் சரிந்த முதுகும் இரண்டே இரண்டு சீட்டுமாக ஒரு கார். 1973 மாடல் டாட்சன் 240-இஸட். ஜப்பான்காரன் பந்தயத்துக்கும் ஆசைக்குமாகச் செய்த வண்டி. நான்கு டயரும் தரையோடு ஒட்டியிருந்தன. கதவின் ஓரத்தில் உப்பு பூத்திருந்தது.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். அரை மணி நேரம் அந்த முன்பக்கத்தின் நீளத்தைக் கையால் காட்டிக்கொண்டே இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவர் கால் அன்றைக்கு ஆடவில்லை என்பதைக் கவனித்தேன்.

கார் அமீர் பாஷாவின் தம்பி சர்தார் பாஷாவுடையது. தோல் வியாபாரத்துக்காகச் சிங்கப்பூரில் சில வருஷம் இருந்துவிட்டு, எழுபத்தாறில் திரும்பி வரும்போது கப்பலில் கொண்டுவந்தது. மூன்று வருஷம் ஓட்டினார். முப்பத்து நாலு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அண்ணனுக்கு அந்தக் காரைப் பார்க்கவே முடியவில்லை. கிடங்கில் தள்ளி மூடச் சொன்னவர், பதினாலு வருஷமாக அந்த மூலைக்குப் போகவில்லை. இப்போது பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. மாமா போய்க் கேட்டதும் அமீர் பாஷா கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "அது என் தம்பி சம்சாரத்தோடது. அவங்களக் கேளு. எனக்கு கேக்க வாய் வராது" என்றார்.

தம்பி மனைவி அக்தரி பேகம் வாணியம்பாடியில் அம்மா வீட்டோடு இருந்தார். பெண்கள் பள்ளியில் உருது டீச்சர். நாற்பத்திரண்டு வயதிருக்கும். நானும் ஆசிரியன் என்பதால் பேச வசதியாக இருக்கும் என்று மாமா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்தம்மா எங்களை உட்கார வைத்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வண்டி ஓடுமா?"

"ஓட வெக்கலாம்மா."

"எத்தினி நாள்ல?"

"ஒரு வருஷம்" என்றார் மாமா, கொஞ்சமும் யோசிக்காமல்.

"எடுத்துக்கங்க. ஒரே ஒரு விஷயம். அவரு கொண்டு வரும்போது வெளிய வெள்ளை, உள்ள கறுப்பு. அப்படியே இருக்கணும். எதையும் மாத்தக் கூடாது. ஓடினதும் ஒரு தடவை இங்க கொண்டாங்க. பாக்கணும், அவ்ளோதான்."

மாமா மாற்ற மாட்டேன் என்றார். நான் சாட்சி.

டிராக்டர் கட்டி இழுத்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அதில் காரை நிறுத்தினோம். உண்மை நிலைமை அப்புறம்தான் தெரிந்தது. மாமா ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தரையைக் குத்தினார், அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது. பதினாலு வருஷம் உப்புக் காற்றில் நின்ற இரும்பு. சீட்டுக்கு அடியில், கதவுக்கு அடியில், பேட்டரி உட்காரும் இடத்தில், எல்லாம் போயிருந்தது. எஞ்சினில் ஆறு பிஸ்டனும் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு அசையவில்லை. இரும்புக்காரனே வாங்கியிருக்க மாட்டான் என்று அக்கா சொன்னாள். மாமா ஏற்கெனவே காருக்குள் படுத்திருந்தார்.

கணியம்பாடியில் சின்னசாமி என்று ஒரு டிங்கர் இருந்தார். பஸ்ஸுக்குப் பாடி கட்டிப் பழகியவர், தகட்டைத் தட்டி எந்த வளைவையும் கொண்டுவருவார், அதிகம் பேச மாட்டார். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வருவார். அவரும் மாமாவுமாக உப்புத் தின்ற தரையை முழுக்க வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார்கள். எஞ்சினுக்குள் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி வைத்து, தினமும் டேனரிக்குக் கிளம்புமுன் மாமா ஒரு நீளக் கம்பியை மாட்டி அழுத்திப் பார்ப்பார். நாற்பத்து மூன்று நாள் அசையவில்லை. நாற்பத்து நாலாம் நாள் ஒரு நூல் அளவு திரும்பியது. அன்றைக்கு அவர் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார். போய் அமீர் பாஷாவிடம் காரணத்தையும் சொல்லியிருக்கிறார். அவர் தலையை மட்டும் ஆட்டினாராம்.

இந்த வண்டியின் ஒரு போல்ட்டு கூட இந்தியாவில் கிடைக்காது. அக்தரி பேகத்தின் அண்ணன் மகன் மஹபூப் பாஷா சிங்கப்பூரில் வேலை பார்த்தான். அந்தம்மா அவனுக்குக் கடிதம் போட்டு, கேட்பதை அனுப்பச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலையாயிற்று. மாமா கொட்டகையில் படுத்தபடி சொல்வார், நான் முக்காலியில் உட்கார்ந்து எழுதுவேன். பிரேக்குக்கான ரப்பர்கள், எஞ்சின் தலைக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட், பின்விளக்குக் கண்ணாடி. ஊருக்கு வருபவர்களின் பெட்டியில் துணிமணிக்கு நடுவில் அவை வந்தன. மஹபூப் பாஷா ஒருமுறை மெக்கானிக் புத்தகம் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினான். மாமாவுக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஆனால் அந்தப் படங்களை அவர் பார்த்த மாதிரி யாரும் வேதாகமத்தைக் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் அக்கா ஒரு காரியம் செய்தாள். சீட்டு இரண்டையும் மாமா டேனரியிலேயே பதனிட்ட நல்ல கறுப்பு மாட்டுத் தோலில் தைத்து மாட்டியிருந்தார். எஞ்சின் இல்லாத, சக்கரம் இல்லாத, செங்கல் மேல் நின்ற காரில் இரண்டு அருமையான சீட்டு. ஒருநாள் நைட் டியூட்டி முடித்து வந்தவள், வீட்டில் ஜெனிஃபாவோடு விளையாட அக்கம்பக்கத்துக் குழந்தைகள் நிறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நேராகக் கொட்டகைக்குப் போய் இடது பக்கச் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டாள். மாமா அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்திலேயே மூன்று மணி நேரம் தூங்கினாள். அதற்கப்புறம் அதுவே வழக்கமாயிற்று. ஆஸ்பத்திரியில் யாராவது வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டால், நான் காரில் தூங்குகிறேன், அவர் காருக்கடியில் தூங்குகிறார் என்பாளாம்.

ஒரு வருஷம் என்றது மூன்று வருஷத்தையும் தாண்டியது. தொண்ணூற்றாறில் கழிவுநீர் வழக்கில் சுத்திகரிப்பு வசதி இல்லாத டேனரிகளை மூடச் சொன்னார்கள். அமீர் பாஷா டேனரியும் பல மாதம் மூடிக் கிடந்தது. தெருமுனையெல்லாம் வேலையில்லாத ஆண்கள். என்ன ஆகுமோ என்று எல்லாரும் கலங்கியிருந்த நேரம். கொட்டகை வாசலில் ஒரு கூட்டம் கூடிவிட்டது. டிரம் ஆபரேட்டர், லாரி டிரைவர், தோல் பிரிப்பவர் என்று வருகிறவர் எல்லாரும் ஒரு யோசனை சொல்வார்கள். மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. அக்காவின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு காரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறானே என்று அவர்கள் போகும்போது பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்தது. வெளியே படுதா கட்டிவிட்டு உள்ளே முன்னிலும் வேகமாக வேலை செய்தார். இரண்டு நாளில் முடிய வேண்டியதை ஒரே நாளில் முடித்து, சரியாக வரவில்லை என்று மறுநாள் பிரிப்பார்.

1997 பொங்கல் விடுமுறையில் எஞ்சின் கிளம்பியது. மார்ச்சில் வெள்ளைப் பெயிண்ட் அடித்து முடித்தார்கள். சின்னசாமி ஒரு துணியால் துடைத்துவிட்டு, தன் வேலை முடிந்தது என்று கை கழுவிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

முதல் ஓட்டத்துக்கு என்னைத்தான் ஏற்றிக்கொண்டார். மாதனூர் வரைக்கும் போனோம். தரைக்கு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் லாரிச் சக்கரமெல்லாம் என் தலைக்கு மேல் சுழன்றது. ஆறு சிலிண்டர் எஞ்சின் முதலில் முனகி, பிறகு ஒரே சீராகப் பாடியது. பாலாற்று மணலைத் தாண்டும்போது அவர் காலை அழுத்தினார், என் முதுகு சீட்டில் பதிந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் முகத்தில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் நிறுத்தி இறங்கி, ஒருமுறை சுற்றி வந்தார்.

"இன்னா மாமா, நல்லாத்தானே ஓடுது?" என்றேன்.

"ஓடுது. ஆனா இது சர்தார் பாஷா வண்டி மச்சான். அவரு இன்னா வெச்சிருந்தாரோ அதையே திருப்பி வெச்சிருக்கேன். இதுல நான் எங்க இருக்கேன்?"

வாணியம்பாடிக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். போகலாம், சின்னச் சின்ன வேலை பாக்கி இருக்கிறது என்றார். அந்தச் சின்ன வேலை இரண்டு வருஷம் நடந்தது.

முதலில் அகலமான சக்கரம் வாங்கி வந்தார். அகலச் சக்கரம் உள்ளே அடங்கவில்லை. சக்கரத்துக்கு மேல் உள்ள தகட்டை வெட்டி வெளியே அகலப்படுத்த வேண்டும். சின்னசாமிக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்தார், பார்த்தார். "நசுங்கினத தட்டி நிமித்தறதுக்கு வருவேன். நல்லா இருக்கறத வெட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். மாமா தானே வெட்டினார். வெட்டிய துண்டுகளைப் பழைய இரும்பில் போட்டார். பின்பக்கத்தில் ஒரு இறக்கை மாதிரித் தகடு வைத்தார். சைலன்சரை மாற்றி உறுமல் ஏற்றினார். ஸ்டியரிங்குக்குத் தோல் போட்டு, ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் ஒரு பெண்ணிடம் கொடுத்துத் தைத்து வாங்கினார், தையல் கண்ணுக்கே தெரியாது. கடைசியாகக் கலர். டேனரியில் தோலுக்கு ஃபினிஷிங் கொடுக்கும்போது நடுவில் வெளிர்ப்பாகவும் ஓரத்தில் இருட்டாகவும் ஸ்ப்ரே செய்வார்கள், விலை உயர்ந்த ஷூவில் பார்க்கலாம். அதே மாதிரி முழுக் காருக்கும் அடித்தார். நடுவில் கருஞ்சிவப்பு, ஓரங்களில் கிட்டத்தட்ட கறுப்பு. உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. ஆம்பூர் பஜாரில் போனால் பிரியாணிக் கடையில் கை கழுவுகிறவன் கையை நீட்டியபடியே நிற்பான். நான் ஒரு போட்டோ எடுத்து மஹபூப் பாஷாவுக்கு அனுப்பி வைத்தேன்.

அக்கா மட்டும் அந்தக் காரில் தூங்குவதை நிறுத்திவிட்டாள். பெயிண்ட் வாசனை என்றாள். ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மாகிட்ட போய் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிக்கலாம்."

"வாக்கு குடுத்தது நீங்க. ஜேக்கப் பக்கத்துல இருந்திருக்கான். நாளைக்கு அவன் பாடு பேஜாராயிடும்."

என் பாடு பேஜார்தான் ஆனது. 1999 ஜூனில் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அழகான தமிழ்க் கையெழுத்து. வண்டி ஓடுவதாகக் கேள்விப்பட்டேன், மிகவும் சந்தோஷம், எப்போது வருவீர்கள் என்று அக்தரி பேகம் எழுதியிருந்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை. மாமா அதை நாலு தடவை படித்தார். அடுத்த ஞாயிறு போனோம்.

உறுமல் கேட்டுத் தெருவே வெளியே வந்தது. அந்தம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் நின்றார். பிறகு இறங்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மாமா நிற்காமல் பேசினார். சக்கரத்தின் அகலம், கலர் அடித்த விதம், ஸ்டியரிங் தையல், எல்லாம். அவர் முடிக்கும் வரை அந்தம்மா காத்திருந்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா நான் பாக்கணும்னு சொன்னது இது இல்லையே."

மாமா கார்ச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ள வாங்க, டீ போடறேன்" என்றார் அந்தம்மா. டீ கொடுத்தார். என் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், பரீட்சை எப்படி என்று கேட்டார். காரைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. அதன் கதவைத் தொடக்கூட இல்லை.

திரும்பி வரும்போது மாமா நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. சைக்கிள்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த ஐந்து வருஷம் அவர் பட்ட பாட்டை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காரை மூடி வைத்தார். ஒரு வாரத்தில் திறந்து இறக்கையைக் கழற்றினார். பிறகு ஒரு மாதம் தொடவில்லை. பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் எழுந்து கொட்டகைக்குப் போவார், வெறுங்கையோடு திரும்புவார். டேனரியில் இரண்டு தடவை சண்டை. 2001இல் வேலையை விட்டுவிட்டார். காட்பாடியில் பல்கலைக்கழகம் வளர்ந்துகொண்டிருந்தது. வசதியான வீட்டுப் பையன்கள் கார் வைத்திருந்தார்கள். ரோட்டோரம் ஒரு ஷெட் போட்டு அவர்கள் கார்களுக்கு அகலச் சக்கரமும் உறுமலும் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். தொழில் நன்றாக நடந்தது. பகலெல்லாம் அடுத்தவன் காரை வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தன் காரில் வெட்டியதை ஒட்டுவார்.

ஒட்டுவது லேசாக இல்லை. வெட்டிய துண்டுகள் எப்போதோ உருகிப் போயிருந்தன. பழைய வளைவு எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. நான்கு தடவை தட்டிப் பார்த்தார், நான்கும் கோணல். கடைசியில் கணியம்பாடிக்கு நேரில் போய்ச் சின்னசாமி வீட்டு வாசலில் நின்றார். என்ன பேசினார் என்று தெரியாது. அடுத்த ஞாயிறு சின்னசாமி சுத்தியலோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெட்டுப்பட்ட இடங்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு போட்டோ இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

போட்டோ அமீர் பாஷாவிடம் இருந்தது. டேனரி வாசலில் எடுத்த படம். அண்ணனும் தம்பியும் நிற்க, தம்பியின் ஒரு கை காரின் மேல். சண்டை போட்டு வேலையை விட்டவன் வந்து கேட்கிறானே என்று அவர் நினைக்கவில்லை. சட்டைப் பையில் இருந்தே எடுத்துக் கொடுத்ததாக மாமா சொன்னார். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கச் சொன்னாராம். சின்னசாமி அந்தப் படத்தைப் பார்த்து அட்டையில் வளைவு வெட்டி, அந்த அளவுக்குத் தகட்டைத் தட்டினார். ஒரு பக்கத்துக்கு எட்டு மாதம். இரண்டு பக்கத்துக்கும் பிறகு பெயிண்ட்.

இந்த ஐந்து வருஷத்தில் மாமா ஒருமுறை கூட வாணியம்பாடிக்குப் போகவில்லை. வழியில் பஸ் நின்றால்கூட இறங்க மாட்டார். நான் மட்டும் ரம்ஜானுக்கு வாழ்த்துக் கார்டு போடுவேன், அந்தம்மா பதில் போடுவார். அதில் வண்டியைப் பற்றி எதுவும் இருக்காது. நானும் எழுதவில்லை. அது என் கோழைத்தனம்தான்.

2004 ஜூலையில், வெளியே வெள்ளையும் உள்ளே கறுப்புமாக, சத்தமில்லாத பழைய சைலன்சரோடு, மறுபடி அந்தத் தெருவுக்குப் போனோம். அந்தம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது ஆகியிருந்தது. வெளியே வந்தவர் காரைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பத்து நிமிஷம் நாங்கள் வெயிலில் நின்றோம். மாமாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏன் தம்பி மாத்தினீங்க?"

மாமாவுக்குப் புரியவில்லை. "நீங்கதானேம்மா சொன்னீங்க, வெள்ளையா இருக்கணும்னு."

"சொன்னேன். அன்னிக்கு கோபமும் இருந்திச்சு. ரெண்டு நாள். அப்புறம் மஹபூப் அந்த சிவப்பு வண்டி போட்டோவ பெரிசு பண்ணி அனுப்பினான். பீரோ கண்ணாடில ஒட்டி வெச்சிருக்கேன். எங்க வீட்டு வண்டின்னு ஸ்கூல்ல எல்லாருக்கும் காமிச்சேன். இப்ப இப்படிக் கொண்டாந்து நிறுத்தினா, கதவத் தொறந்து அவரு இறங்குவாரோன்னு நெஞ்சு அடிச்சுக்குது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மாமா. "அஞ்சு வருஷம்."

"நீங்க வரவேயில்லியே. வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மாமா காரின் மேல் கை வைத்துக் குனிந்து நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை. அந்தம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய்த் தானே இடது பக்கக் கதவைத் திறந்தார்.

"இவ்ளோ கஷ்டப்பட்டுட்டீங்க. வாங்க, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

இரண்டு சீட்டு வண்டி என்பதால் நான் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏலகிரி அடிவாரம் வரை போய் வந்திருக்கிறார்கள். நடந்ததை மாமா பின்னால் சொன்னார். போகும்போது அந்தம்மா ஜன்னலை இறக்கிவிட்டுக் கையை வெளியே வைத்துக்கொண்டு இருந்தாராம். திரும்பும்போதுதான், "இன்னும் கொஞ்சம் ஜோரா போங்க தம்பி. அவரு இப்படி பயந்து ஓட்ட மாட்டாரு" என்றிருக்கிறார். மாமா அழுத்தியிருக்கிறார். ஜோலார்பேட்டை ரோட்டில் ஒரு பஸ்ஸை முந்தும்போது அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தாராம்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, வெளியே வெள்ளையாகவே இருக்கட்டும், பழகிக்கொள்கிறேன், உள்ளே உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அந்தத் தெருவில் கார் போய் நிற்கும்.

உள்ளே என்ன கலர் வைப்பது என்று மாமா ஒரு மாதம் குழம்பினார். நாலு துண்டுத் தோலைச் சீட்டு மேல் போட்டுப் போட்டுப் பார்த்தார். அக்கா வந்து கரும்பச்சைத் துண்டை எடுத்து அவர் கையில் வைத்து, அதில் தூங்கப்போவது நான்தான் என்றாள். முதல்முறையாக அவர் இரண்டாவது யோசனை இல்லாமல் ஒன்றைச் செய்து முடித்தார். நைட் டியூட்டி குறைந்துவிட்டாலும் அக்கா சில நாள் மத்தியானத்தில் அங்கே போய்ப் படுப்பாள்.

அதோடு அவர் அடங்கிவிட்டார் என்று சொன்னால் பொய். 2007இல் பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு மைதானத்தில் கூடினார்கள். காட்பாடி மாணவன் ஒருவன் தகவல் சொல்ல, நானும் அவருமாகக் காரில் போனோம். அங்கே அதே மாடலில் இன்னொன்று, மஞ்சள் நிறம். ஒரு கட்டடக் கம்பெனி முதலாளியுடையது. ஜப்பானில் இருந்து எல்லாப் பாகமும் புதிதாக வரவழைத்து ஆள் வைத்துச் செய்தது. கீழே குனிந்து பார்த்தால் அடிப்பாகத்தில் கூட முகம் பார்க்கலாம். மாமா ஒரு மணி நேரம் அதைச் சுற்றினார். கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். அந்த முதலாளி எங்கள் காரைப் பார்த்துவிட்டு வந்து, கொடுக்கிறீர்களா, என்ன வேண்டுமோ கேளுங்கள் என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார். மாமா இல்லை என்று தலையாட்டினார். மஞ்சள் காரைச் செய்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று அவரிடம் கேட்டார். வேலை முடிந்ததும் போய்விட்டார்கள் என்றார் அவர். மாமாவுக்கு அது என்னவோ போல் ஆகிவிட்டது. மைதானத்தை விட்டுக் கிளம்பி ஓசூர் தாண்டும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"அதுல செய்றதுக்கு ஒண்ணுமே இல்ல மச்சான். அந்த ஆளு ஞாயித்துக்கெழமை இன்னா பண்ணுவாரு?"

கிருஷ்ணகிரி தாண்டியதும் மழை பிடித்தது. பர்கூர் வருவதற்குள் எதிரில் ரோடே தெரியவில்லை. வைப்பர் இரண்டு தடவை இழுத்துக்கொண்டு போய் நடுக் கண்ணாடியில் நின்றுவிட்டது. நான் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். ஆனால் மழை விடும் என்று காத்திருக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்து ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கொட்டுகிற மழையில் பனியனோடு இறங்கினார். அவர் பானட்டைத் தூக்குவதை நனைந்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தண்ணீர் அவர் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான், அந்த சுவிட்சப் போடு. இப்ப அணை. மறுபடி போடு" என்று கத்தினார். நான் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். பதினைந்து நிமிஷம் ஆனது. அந்தப் பதினைந்து நிமிஷமும் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.